வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்கிறார்கள் இல்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்போம்

"இந்த வகுப்புப் பிள்ளைகள் கதைக்கவே மாட்டாங்கள் சேர்" என்பது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எந்த ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கக்கூடிய வசனம். அதே பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் கன்டீன் வாசலில் போடுகிற சத்தத்துக்கு அதிபரே வெளியே வந்து பார்க்க வேண்டியிருக்கும். கதைக்கத் தெரியாத பிள்ளைகள் என்றால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பெற்றோல் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம், எடுத்த எடுப்பில் யாரும் என்ஜினைக் கழற்றுவதில்லை. வகுப்பிலும் அந்த வரிசைதான். முதலில் கேட்ட கேள்வியைப் பாருங்கள், பிறகு யோசிக்கக் கொடுத்த நேரத்தை, பிறகு பதில் வந்தபின் நீங்கள் செய்ததை, பிறகு வாங்கு மேசை கிடக்கிற விதத்தை, கடைசியாகத்தான் பிள்ளையை. நாங்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறோம், "கூச்ச சுபாவம்" என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

கீழே உள்ளதை முழுவதும் வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்புக்குப் பொருந்துகிற அறிகுறியை மட்டும் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரேயொரு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு பாடவேளை எண்ணிப் பாருங்கள்

வகுப்பில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் கட்டமாகக் கீறி, ஓய்வுப் பாடவேளை உள்ள ஒரு ஆசிரியரிடமோ பின்வாங்கில் இருக்கிற பொறுப்பான பிள்ளையிடமோ கொடுத்து, யார் தனியாக வாய் திறந்தாலும் அவருடைய கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து கத்துகிற பதிலுக்குக் கோடு கிடையாது. 40 நிமிடம் முடிய அந்தத் தாளைப் பார்த்தால், வகுப்பு முழுக்க மௌனமா, ஒரு மூலை மட்டும் மௌனமா, முன்வரிசை மூன்று பேர்தான் பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று தெரியும். இவை மூன்றும் வேறு வேறு பிழை, மூன்றுக்கும் மருந்து வேறு. இதைச் செய்யாமல் கீழே போனால் குருட்டு வைத்தியம்தான்.

அறிகுறி: கேள்வி கேட்டதும் முழு வகுப்பும் மேசையைப் பார்க்கிறது

இதுதான் அதிகம் வருகிற முறைப்பாடு, காரணமும் பெரும்பாலும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கும்.

முதலில் நேரத்தைச் சோதியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள் என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பது, வேறொருவரைக் கேட்பது, அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுவது. அந்த ஒரு செக்கன் மூன்று செக்கனாக நீண்ட வகுப்புகளில் பதில்கள் நீளமாயின, தானாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் கூடினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. பதில் வந்த பிறகும் உடனே பாயாமல் அதே மூன்று செக்கன் பொறுத்திருப்பதை அவர் தனியாகச் சொல்கிறார், ஏனென்றால் பிள்ளை முதலில் சொல்வது பாதிப் பதில், மீதியைச் சொல்ல மூச்சு எடுக்கும்போதுதான் நாங்கள் "சரி, குட்" என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

உங்கள் போனை மேசையில் வைத்து ஒரு பாடத்தை ரெக்கோர்ட் பண்ணி, வீட்டில் நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். கேள்விக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது, அந்த அடுத்த சத்தம் யாருடையது? உங்களுடையது என்றால் பிழை பிடிபட்டுவிட்டது.

திருத்துவது சொல்ல லேசு, செய்யக் கஷ்டம். கேள்வியை ஒரு தடவை மட்டும் கேளுங்கள், "யாரும் கை உயர்த்த வேண்டாம், யோசிங்க" என்று சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணுங்கள். வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு மூன்று செக்கன் பயங்கர நீளம், ஏதாவது பேசியே ஆக வேண்டும் போல வாய் அரிக்கும். கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்பதும் பேச்சுத்தான், யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை அதோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நேரம் கொடுத்தும் வரவில்லையா, கேள்வியைப் பாருங்கள். பாடப் புத்தகத்தின் ஒரு பந்தியில் பதில் அச்சாகி இருக்கிற கேள்விக்கு யாரும் கலந்துரையாட முடியாது, ஒன்றில் தெரியும், அல்லது தெரியாது. "யானை–மனித மோதலுக்கான காரணங்கள் எவை?" என்று கேட்டால் முதல் நான்கு காரணத்தை நன்றாகப் பாடமாக்கிய ஒரு பிள்ளை சொல்லும், மற்றவர்கள் கொப்பியில் எழுதுவார்கள், கதை முடிந்தது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "படுவான்கரையில் ஒரு ஊருக்கு மின்வேலி போடக் காசு இருக்கிறது, ஒரு வேலிக்கு மட்டும்தான். காட்டு எல்லையில் போடுவதா, ஊரைச் சுற்றிப் போடுவதா, விதைப்புக்கு வயல் வட்டையைச் சுற்றிப் போட்டு வெட்டு முடியக் கழற்றுவதா?" இது நாட்டில் உண்மையாகவே நடக்கிற விவாதம், காட்டு எல்லையில் போட்ட வேலிகளில் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது என்பதுதான் அதன் மையம். அந்தப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு இந்தக் கேள்வியில் ஆசிரியரை விடக் கூடத் தெரிந்திருக்கும். அதுதான் வேண்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான பதில் இருக்க வேண்டும், பிள்ளைகள் தங்கள் ஊரில் கண்டதை வைத்து வாதாடக் கூடியதாக இருக்க வேண்டும், "ஏன்?" என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் கதை வர வேண்டும்.

மூன்றாவதாக, போன கிழமை பிழையான பதில் சொன்ன பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு தடவை சொன்னால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொன்னதில்லை, 35 பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அறிகுறி: "விளங்கிச்சா?" என்றால் "ஓம் சேர்ர்ர்" என்று கோரஸ் வருகிறது

இது பங்கேற்பு மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. அந்தக் கோரஸில் விளங்கியவர், விளங்காதவர், யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர் எல்லோரும் ஒரே சத்தம்தான். "விளங்கிச்சா?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள்.

பதிலாக எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டக் கூடிய ஏதாவது வேண்டும். வெளிநாட்டில் ஆளுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகை கொடுப்பார்களாம். எங்களுக்கு ஒரு ஏ4 தாளை வழவழப்பான பிளாஸ்டிக் கவருக்குள் போட்டால் போதும், அதன் மேல் வைட்போர்ட் மார்க்கரால் எழுதி, பழைய துணியால் அழிக்கலாம். கேள்விக்கு ஒரு வரி எழுதி, "மூன்று, இரண்டு, ஒன்று, காட்டுங்க" என்றால் முழு வகுப்பின் தலைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அதில் நேர் எதிரான இரண்டு பதிலை எடுத்து, "இவர் ஊரைச் சுற்றி வேலி என்கிறார், இவ காட்டோரம் என்கிறா, ரெண்டு பேரும் ஏன் என்று சொல்லுங்க பார்ப்பம்" என்றால் கலந்துரையாடல் அங்கேயே தொடங்கிவிடும். மார்க்கர் வாங்கக் காசில்லையென்றால் பழைய கொப்பித் தாளும் பென்சிலும் போதும்.

அறிகுறி: அதே மூன்று நாலு பேர்தான் எப்போதும்

1976இல் டேவிட் கார்ப், வில்லியம் யோல்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் போய் இருந்து பார்த்து இதை எழுதினார்கள். வகுப்பு பெரிதோ சிறிதோ, ஒரு சிலர் பேசுகிற பொறுப்பைத் தூக்கிக்கொள்கிறார்கள், மற்றவர்கள் அதை அவர்களிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நாலு பேரையும் நாங்கள்தான் வளர்க்கிறோம் என்பது என் அபிப்பிராயம். மேற்பார்வைக்கு ஆசிரிய ஆலோசகர் வருகிற நாளில் யாரைக் கேட்டால் பாடம் அழகாகப் போகும் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அவர்களை அடக்காதீர்கள், கெட்டிக்காரப் பிள்ளையை "நீ பேசாம இரு" என்று சொல்வது அநியாயம். வேலையை மாற்றிக் கொடுங்கள். இன்றைக்கு உன் வேலை மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, கடைசியில் இரண்டு பக்க நியாயத்தையும் சுருக்கிச் சொல்வது. பதில் சொல்வதை விட அது கஷ்டமான வேலை, அவர்களுக்கே பிடிக்கும்.

மற்றவர்களுக்கு முதலில் ஒத்திகை வேண்டும். தனியாக ஒரு நிமிடம் யோசி, பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் கதை, பிறகு வகுப்புக்குச் சொல். ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் எழுதிய இந்த மூன்று படி இன்றைக்கும் எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் வரும், ஆனால் நாங்கள் அவசரத்தில் முதல் படியைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக "பக்கத்தில கதைங்க" என்கிறோம். அப்போது யோசித்து வைத்திருக்கிறவர் கதைப்பார், மற்றவர் தலையாட்டுவார். அந்த ஒரு நிமிடத்தில் கொப்பியில் ஏதாவது ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பெயர் சொல்லிக் கேட்கலாம். ஐஸ்பழக் குச்சிகளில் வகுப்பின் பெயர்களை எழுதி ஒரு பால்மா டின்னில் போட்டு, கேள்வியைக் கேட்டு, யோசிக்க விட்டு, அதற்குப் பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 34 பேரும் யோசிப்பதை அந்த நொடியிலேயே நிறுத்திவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எலீஸ் டாலிமோர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இன்னும் இரண்டு பேரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தது வேறு மாதிரி. அப்படி அடிக்கடி கேட்கப்பட்ட பல்கலைக்கழக வகுப்புகளில், நாள் போகப் போக, தாங்களாகவே பேச முன்வந்தவர்களும் கூடினார்கள். ஆனால் அது ஒத்திகை இல்லாமல் திடீரென்று எழுப்பி நிறுத்துவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. "சேர், மறுகா சொல்றன்" என்று பிள்ளை சொன்னால் விடுங்கள், ஆனால் இரண்டு பேரைக் கேட்ட பிறகு கட்டாயம் திரும்ப வாருங்கள். திரும்ப வராவிட்டால் அந்த வசனம் வகுப்பு முழுக்கத் தொற்றிவிடும்.

அறிகுறி: தனியாக நன்றாகக் கதைக்கிற பிள்ளை, வகுப்பில் ஊமை

இங்கேதான் பிள்ளையைப் பார்க்கிறோம், அதுவும் மெதுவாக.

எழும்பி நிற்க வேண்டுமா? பதில் சொல்ல எழும்பி, கையைக் கட்டி, "சேர்" என்று தொடங்குகிற பழக்கம் மரியாதைக்கு நல்லதுதான், ஆனால் 35 பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் மேலே விழுகிறது. கலந்துரையாடல் நேரத்தில் மட்டும் இருந்தபடியே சொல்லலாம் என்று விட்டுப் பாருங்கள். காசு செலவில்லை, உடனே தெரியும்.

எந்தத் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறது? இது எங்கள் பக்கத்தில் பெரிய பிரச்சினை, ஆனால் ஒருவரும் கதைப்பதில்லை. பிள்ளைக்கு விஷயம் தெரியும், அதைப் பாடப் புத்தகத் தமிழுக்கு மாற்றுவதற்குள் வாய்ப்பு போய்விடும். வாகரையில் ஒரு பேச்சு, களுவாஞ்சிக்குடியில் ஒரு பேச்சு, காத்தான்குடியில், நிந்தவூரில், அக்கரைப்பற்றில் இன்னொன்று. ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தவராக இருந்தால் அதுவும் சேரும். ஒரு பிள்ளை வெள்ளம் வந்த கதையை ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் மறித்துச் சொல்லைத் திருத்தினால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை கதை சொல்லாது, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு இருந்துவிடும். வகுப்பில் இப்படி ஒரு சட்டம் போடுங்கள்: கதைக்கும்போது வீட்டுத் தமிழ், கொப்பியில் எழுதும்போது எழுத்துத் தமிழ். பிள்ளை சொன்னதை நீங்கள் கரும்பலகையில் எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு போனால் திருத்தாமலே திருத்தியாயிற்று.

யாராவது சிரித்தார்களா? சிரிப்பைக் கண்டும் காணாமல் விட்டால் வகுப்பு அதை உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளும். கத்தத் தேவையில்லை. பேசிக்கொண்டிருந்த பிள்ளையிடம், "நீங்க சொல்லுங்க மகள், நான் கேட்டுக்கொண்டு இருக்கன்" என்று சொல்லி முடிக்க விடுங்கள், சிரித்தவரைப் பிறகு தனியாகப் பிடியுங்கள்.

திக்கிப் பேசுகிற பிள்ளையா? வசனத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள், பின்வாங்கில் இருந்தால் முன்னுக்கு மாற்றிப் பாருங்கள், சில வேளை அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

இன்னொன்று. வீட்டில் வாயாடுகிற பிள்ளை, பாடசாலையில் ஆசிரியரோடும் சரி, கூட்டாளிகளோடும் சரி மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் அது கூச்சமோ அடமோ இல்லாமல் இருக்கலாம். சில பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட இடங்களில் பேச்சே வராமல் போகிற ஒரு பதற்ற நிலை உண்டு. கட்டாயப்படுத்தினால் கூடும். மேலே சொன்ன குச்சி, குலுக்கல் எதுவும் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். எழுதிக் காட்டவோ தலையசைக்கவோ விட்டு, பெற்றோரோடு கதைத்து, பாடசாலை ஆலோசனை ஆசிரியர் ஊடாக ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு அனுப்பப் பாருங்கள்.

அறிகுறி: பதில் வருகிறது, ஆனால் எல்லாம் என்னைப் பார்த்தே வருகிறது

ஆசிரியர் கேட்பார், பிள்ளை சொல்லும், ஆசிரியர் "சரி" அல்லது "பிழை" என்பார். மறுபடி ஆசிரியர் கேட்பார். இந்த மூன்று அடித் தாளம் உலகத்தில் எல்லா வகுப்பிலும் உண்டு, 1975இல் சின்கிளேர், கூல்தார்ட் என்ற மொழியியலாளர்கள் இங்கிலாந்து வகுப்புகளிலும், 1979இல் ஹியூ மீகன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவிலும் இதை எழுதி வைத்தார்கள். மீட்டலுக்கு இது நல்லது. கலந்துரையாடலுக்கு அந்த மூன்றாவது அடிதான் தடை, நீங்கள் "சரி" என்று சொன்ன பிறகு வேறு யார் எதற்கு வாய் திறக்க வேண்டும்?

மூன்றாவது அடியை மாற்றுங்கள். "சரி"க்குப் பதிலாக, "இதோட யாருக்குச் சம்மதம் இல்லை?", "ரிஸ்வான் சொன்னதுக்கு இன்னும் என்ன சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்லாவிட்டாலும் எங்கள் புருவம் விடையைச் சொல்லிவிடும்.

பிறகு உங்கள் இடத்தை மாற்றுங்கள். பிள்ளை மெல்லிய குரலில் பேசத் தொடங்கியதும் நாங்கள் கிட்டப் போகிறோம், அது இயல்பு, ஆனால் கிட்டப் போகப் போக அந்தக் குரல் இன்னும் சிறுக்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. எதிர்ப் பக்கத்துக்குப் போங்கள். உங்களுக்குக் கேட்கும்படி பேசினால் வகுப்புக்கே கேட்கும். முடிந்தால் வாங்குகளை ப வடிவில் போடுங்கள். ஒரு நீள மண்டபத்தைப் பலகைத் தட்டியால் மறித்து நாலு வகுப்பாக நடத்துகிற பாடசாலைகளில் இது சாத்தியமில்லை என்று தெரியும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். அங்கே முன்வரிசை மட்டும் பின்பக்கம் திரும்பி இருந்தாலே போதும், இரண்டிரண்டு வாங்கு முகம் பார்க்கும்.

அறிகுறி: குழு வேலை கொடுத்தால் ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் ஊர்க்கதை

2007 கலைத்திட்ட மாற்றத்தோடு ஐந்து ஈ (5E: ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படி) முறை வந்ததிலிருந்து, குழுவாகத் தேடிக் கண்டறிவது எங்கள் ஆசிரியர் வழிகாட்டிகளில் நிரந்தர விருந்தாளி. நடைமுறையில் என்ன நடக்கிறது? பத்துப் பேருக்கு ஒரு டிமை தாள் (பெரிய காகிதம்), ஒரு மார்க்கர். கையெழுத்து அழகான பிள்ளை எழுதும், மற்ற ஒன்பது பேருக்கும் செய்ய ஒன்றுமில்லை. அவர்கள் ஊர்க்கதை கதைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

குழுவை மூன்று அல்லது நாலு பேராகக் குறையுங்கள். பிறகு ஒவ்வொருவர் கையிலும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டைக் கொடுங்கள். எலியட் அரன்சன் என்ற சமூக உளவியலாளர் 1971இல் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய வழிப் பிள்ளைகள் முதன்முதலில் ஒரே வகுப்பில் சேர்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தது இதைத்தான். கல்லோயாத் திட்டத்தை வைத்துக் காட்டுகிறேன். ஒரு பிள்ளைக்கு 1949இல் தொடங்கிய இங்கினியாகல அணையும் சேனநாயக்க சமுத்திரமும், ஒன்றுக்குத் திட்டத்தில் குடியேற வந்த குடும்பங்கள், ஒன்றுக்கு அதற்கு முன்பே கீழ்ப்பக்கம் வயல் செய்துகொண்டிருந்தவர்கள், ஒன்றுக்கு 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரே துண்டு வைத்திருக்கிறவர்கள் முதலில் ஒன்றாகக் கூடி அதை விளங்கிக்கொள்ள வேண்டும், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் படிப்பிக்க வேண்டும். கேள்வி நாலு துண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கிற கேள்வியாக இருக்க வேண்டும்: இந்தத் திட்டத்தால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது? குழுவில் யார் வந்து சொல்வது என்பதைக் கடைசி நிமிடத்தில் பெயர் எழுதிய குச்சியை எடுத்துத் தீர்மானியுங்கள், அழகான கையெழுத்து அங்கே உதவாது.

அறிகுறி: "இது சோதனைக்கு வருமா சேர்?"

தரம் 10, 11இல் இது கட்டாயம் வரும், பிள்ளையைக் கோபிக்க முடியாது. பின்னேரம் டியூஷனில் நோட்ஸ் கிடைக்கிறது, ஓ.எல். கிட்ட வருகிறது, நீங்கள் மட்டும் "கதைப்போம் வாங்க" என்கிறீர்கள்.

அப்படியென்றால் சோதனையையே கலந்துரையாடலின் பொருளாக்குங்கள். கடந்தகால வினாத்தாளில் ஒரு கட்டமைப்பு வினாவை எடுத்து, அதற்கு நீங்களே இரண்டு விடை எழுதுங்கள், ஒன்று நீளமாக, அழகாக, ஆனால் கேட்டதைச் சொல்லாமல், மற்றது சின்னதாக, கரடுமுரடாக, ஆனால் சரியாக. பெயர் இல்லாமல் கொடுத்து, புள்ளியிடும் திட்டத்தையும் கையில் கொடுத்து, இருவர் இருவராக எத்தனை புள்ளி என்று போடச் சொல்லுங்கள். ஒரு சோடி 8 போடும், பக்கத்துச் சோடி 4 போடும். பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "எப்படி நாலு? இதில காரணம் எழுதியிருக்குத்தானே!" என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். சோதனைக்கு இதை விடப் பிரயோசனமான பாடவேளை எனக்குத் தெரியாது, டியூஷனில் 200 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்யவும் முடியாது.

அறிகுறி: பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் சுவர்

கலப்புப் பாடசாலையில் எடுத்த உடனே கலந்து இருத்தினால் இரண்டு பக்கமும் வாய் மூடும். முதலில் அவரவர் பக்கத்திலேயே சோடியாகக் கதைக்கட்டும். பிறகு இரண்டு சோடியின் முடிவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இவ்வளவுதான், இதற்கு மேல் தள்ள வேண்டாம்.

அறிகுறி: கலந்துரையாடல் சூடாகி, சண்டையாகிறது

பங்கேற்பு கூடியதன் பக்கவிளைவு. கிழக்கில் காணி, தண்ணீர், எல்லை, யுத்தம் என்று எதைத் தொட்டாலும் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. பயந்து எல்லாவற்றையும் தவிர்த்தால் மிஞ்சுவது சுவையில்லாத கேள்விகள்தான்.

சில பாதுகாப்பு வேலிகள் போதும். எந்தப் பிள்ளையையும் அதன் சமூகத்தின் பிரதிநிதியாக்காதீர்கள். "நீங்க முஸ்லிம்தானே, நீங்க சொல்லுங்க", "உங்கட ஊரிலதானே அது நடந்தது" என்ற கேள்விகள் அறவே வேண்டாம். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். சுனாமி பற்றிக் கதைக்கும்போது வகுப்பில் உள்ளவர்கள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள்தானே என்று லேசாக எடுக்கவும் வேண்டாம், தாங்கள் காணாத அக்காவின் படம் சுவரில் தொங்குகிற வீடுகள் கல்லடியிலும் உண்டு, மருதமுனையிலும் உண்டு. இப்படியான தலைப்பு வருகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சண்டை வந்துவிட்டால் எல்லோரையும் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள்: "எதிர்ப் பக்கம் சொன்னதில் நியாயமான ஒன்று." பேனை பிடித்தால் குரல் தானாக இறங்கும். வாசிக்கச் சொல்ல வேண்டும் என்றில்லை.

அறிகுறி: ஆங்கிலம் என்றதும் முழு வகுப்பும் பூட்டு

ஆங்கிலப் பாடத்திலும் இதைக் காணலாம், தமிழில் ஏ.எல். படித்துவிட்டு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில விரிவுரைக்கு முன்னால் இருக்கிற முதலாம் வருடத்திலும் காணலாம். அங்கே பிள்ளை இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது, விஷயத்தையும் யோசித்து, வசனத்தையும் கட்ட வேண்டும். பிரித்துக் கொடுங்கள். தாய்மொழியில் சோடியாகக் கதைத்து முடிவெடுக்கட்டும், பிறகு அதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும், பிறகு எழுதியதைப் பார்த்து வாசிக்கட்டும். பார்க்காமல் பேசுவது தானாகப் பின்னால் வரும். இலக்கணத்தைப் பேசி முடிந்த பிறகு பொதுவாகத் திருத்துங்கள், ஆளைக் காட்டாமல்.

அறிகுறி: நன்றாகத்தான் போனது, ஆனால் பாடம் முடியவில்லை

40 நிமிடத்தில் மூன்று கேள்வி வைத்திருந்தீர்களா? ஒன்று வையுங்கள். 12 நிமிடம், மணிக்கூட்டைக் கரும்பலகைக்கு மேல் எல்லோரும் பார்க்க வைத்து, நேரம் முடிய முடிந்ததுதான். பாதியில் நின்றால் வெளியே போய் வராந்தாவில் தொடர்வார்கள், அது நட்டமில்லை.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் அசையவில்லை

நேரசூசியைப் பாருங்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகள் இடைவேளைக்கு முந்திய பாடவேளையில் கதைக்கமாட்டார்கள். சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத வகுப்பில், கடைசிப் பாடவேளையில் நீங்களும்தான் கதைக்கமாட்டீர்கள். கலந்துரையாடலை அதிபரிடம் கேட்டு முதல் பாதிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வடகீழ்ப் பருவ மழை தகரக் கூரையில் அடிக்கிற கார்த்திகை, மார்கழியில் எந்த வழியும் உதவாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. அன்றைக்குக் கேள்வியை ஒரு டிமை தாளின் நடுவில் எழுதி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒருவரும் வாய் திறக்காமல் எழுத்திலேயே வாதாடச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதற்கு அம்புக்குறி போட்டு மற்றவர் பதில் எழுதலாம், கேள்வி எழுதலாம், சம்மதம் என்றால் சரி போடலாம். ஆளுக்கு ஒரு நிறப் பேனை கொடுத்தால் யார் எவ்வளவு கதைத்தார் என்று எண்ணவும் லேசு.